மடிப்பு: கல்வராயன் அடிவாரத்தில் இரும்பின் இன்னொரு வரலாறு

1

2025 ஜனவரியில் தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' என்ற தொல்லியல் அறிக்கையை வெளியிட்டது. சிவகளை மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்றது அறிக்கை. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2022-ல், மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்று சொல்லப்பட்டிருந்தது. இரண்டு தடவையும் ஒரே பூரிப்பு. பூரிப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு பொருளின் வயதைச் சொல்லிவிட்டால் அதன் வரலாற்றைச் சொன்னதாக ஆகிவிடாது. இரும்பை முதலில் உருக்கியவர்கள் நாமே என்ற பெருமிதக் கதையாடலில், உருக்கியவர்கள் எப்போது, எதனால் உருக்குவதை நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் இரும்பு இன்று என்னவாகக் கண்ணில் படுகிறது? பெரும்பாலும் கூரையாகத்தான். நீலமும் பச்சையும் செங்கல் நிறமுமாக, வரிவரியாக மேடுபள்ளம் மடித்த தகடு. பேச்சில் அது 'சீட்டு', இல்லாவிட்டால் 'தகரம்'. அகராதியில் தகரம் என்பது வேறொரு உலோகத்தின் பெயர். மேலே பூசிய உலோகத்தின் பெயர் அடியிலிருக்கும் இரும்பின் பெயரை விழுங்கிவிட்டது. இன்று பூசப்படுவது தகரம்கூட இல்லை, துத்தநாகமும் அலுமினியமும். ஆனாலும் பெயர் நின்றுவிட்டது.

இரும்பை உருக்கத் தெரிந்திருந்த ஒரு வட்டாரம், இரும்பை மடித்த தகடாக மட்டும் விலைக்கு வாங்கும் வட்டாரமாக ஆனது எப்படி? இந்தக் கேள்விக்குள் போவதற்கு முன்னால் அந்த மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும். இயந்திரத்தைப் பற்றிப் பேசாமல் நவீனத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது நம் விமர்சனத்தின் பழைய வியாதி.

2

உருளை என்றதும் இந்த வட்டாரத்து ஆளுக்கு நினைவுக்கு வருவது கரும்பாலை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அவை வருவதற்கு முன்பே வயலோரத்து வெல்ல ஆலையில் இரும்பு உருளைகள் கரும்பைப் பிழிந்துகொண்டிருந்தன. கரும்பு உள்ளே போகும்போது ஒரு கனம், வெளியே வரும்போது வேறு கனம். எஃகாலையில் பாளத்தைத் தகடாக்கும் உருளைகளும் இதையேதான் செய்கின்றன. நசுக்கி, கனத்தைக் குறைத்து, நீளத்தைக் கூட்டுகின்றன.

கூரைத்தகட்டை மடிக்கும் ரோல் ஃபார்மிங் இயந்திரம் செய்வது இது இல்லை. அங்கே தகட்டின் கனம் மாறுவதில்லை. அரை மில்லிமீட்டர் தகடு உள்ளே போனால் அரை மில்லிமீட்டர் தகடுதான் வெளியே வரும். எதுவும் உருகுவதில்லை, எதுவும் சேர்வதில்லை, எதுவும் கழிவதில்லை. மாறுவது குறுக்குவெட்டின் வடிவம் மட்டும்.

ஒரு முனையில் தகட்டுச் சுருள் மாட்டியிருக்கும். 'காயில்' என்கிறார்கள். நாலடி அகலம், டன் கணக்கில் எடை. அங்கிருந்து தகடு பிரிந்து வழிகாட்டிச் சட்டங்களுக்கு நடுவே நுழையும். அதன்பின் மேலும் கீழுமாக ஜோடி ஜோடியாக உருளைகள் வரிசையில் நிற்கும். ஒரு சாதாரணக் கூரைத்தகட்டுக்கே பத்துப் பதினைந்து நிலைகள் வேண்டும். முதல் ஜோடி நடுவில் இலேசாக ஒரு வளைவை மட்டும் போடும். அடுத்தது அதை இன்னும் சில பாகை கூட்டும். நடு மேடு உருவாகிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேடுகள் தொடங்கும். கடைசி ஜோடியைத் தாண்டும்போது மேடுபள்ளம் முழுசாக விழுந்திருக்கும். கத்தி இறங்கி, கேட்ட நீளத்துக்கு வெட்டும். "எத்தனை அடின்னு சொன்னா போதும், அந்த நீளத்துக்கே ஓட்டிடலாம்" என்பது இந்தத் தொழிலின் வழக்கமான பேச்சு. பழைய தகரங்களைப் போல் நிர்ணயித்த நீளத்தில் வாங்கி ஒட்டுப்போட வேண்டியதில்லை.

ஏன் இத்தனை நிலைகள்? ஒரே அமுக்கில் மடித்துவிடக் கூடாதா? கூடாது என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் சூட்சுமம். தகட்டின் ஓரம் மேலே எழும்பி வளையும்போது, நடுப்பகுதி போகும் தூரத்தைவிட ஓரம் போகும் தூரம் கொஞ்சம் அதிகம். அவசரமாக மடித்தால் ஓரம் இழுபட்டு, தகடு அலை அலையாக நெளிந்துவிடும், முறுக்கிக்கொள்ளும். ஆகவே எந்த ஒரு நிலையிலும் இரும்பு தாங்குவதற்கு மேல் கேட்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நிற்காமல்.

இன்னொன்று: இரும்பு திமிறும். உருளையை விட்டு வெளியே வந்ததும், மடித்த கோணத்திலிருந்து ஒன்றிரண்டு பாகை பின்வாங்கும். அறுபது பாகை வேண்டுமென்றால் அறுபத்திரண்டுக்கு மடிக்க வேண்டியிருக்கும். உருளையைக் கடைந்தெடுப்பவர் அந்தத் திமிறலை முன்கூட்டியே கணக்கில் வைத்துக் கடைகிறார். எந்தத் தகடு எவ்வளவு திமிறும் என்பது அதன் கனத்தையும் கடினத்தையும் பொறுத்தது. ஒரு சுருளுக்குச் சரியாக வந்தது அடுத்த சுருளுக்குச் சரியாக வராது. இயந்திரம் ஓட்டுபவரின் கைப்பழக்கம் அங்கேதான் வேலை செய்கிறது.

இவ்வளவும் எதற்கு? அரை மில்லிமீட்டர் தகட்டைத் தட்டையாகத் தூக்கினால் துணி மாதிரி தொங்கும். அதே தகட்டில் ஒரு அங்குல உயரத்துக்கு மேடுகளை மடித்துவிட்டால், மேடு ஓடும் திசையில் அது வளைவதை எதிர்க்கும் வலு ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இரும்பைக் கூட்டாமல் வலுவைக் கூட்டும் வழி இது. பனையோலைக்கு இது எப்போதோ தெரியும். விசிறி மடிப்பு இல்லாத பனையோலை காற்றில் ஒருநாள் நிற்காது.

3

உருளைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஹென்றி கோர்ட்டிலிருந்து தொடங்குவார்கள். பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையே இரும்பை ஓட்டிக் கம்பியாக்கும் முறைக்கு அவர் 1783-ல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக் கதையில் அவருக்குத் தனி அத்தியாயமே உண்டு. 2023-ல் ஜென்னி புல்ஸ்ட்ரோட் என்ற வரலாற்றாய்வாளர் இந்த அத்தியாயத்தைக் கட்டுடைக்கப் பார்த்தார். ஜமைக்காவில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் வேலை செய்த கறுப்பின உலோகத் தொழிலாளர்கள், கரும்பாலையின் பள்ள உருளைகளிலிருந்து இந்த முறையைக் கண்டடைந்தார்கள், கோர்ட் அதைத்தான் எடுத்துக்கொண்டார் என்பது அவர் வாதம். உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஆவணங்கள் இந்த வாதத்தைத் தாங்கவில்லை என்று வேறு ஆய்வாளர்கள் வரிக்கு வரி மறுத்தார்கள்.

நமக்குப் பிடித்த கதை என்பதற்காக இதை நிரூபணமானதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் விவாதத்தின் வடிவம் கவனிக்கத்தக்கது. காப்புரிமை பெற்றவருக்கு ஆவணம் இருக்கிறது. உலைக்கு முன்னால் நின்றவர்களுக்கு இல்லை. 'ஆதாரம் எங்கே' என்ற நியாயமான கேள்வி ஆவணத்தை உண்டாக்கும் அதிகாரம் உள்ளவருக்கே சாதகமாக முடிகிறது. இந்தச் சிக்கல் கள்ளக்குறிச்சிக்கும் பொருந்தும் என்பதால்தான் ஜமைக்கா வரை போய்வர வேண்டியிருக்கிறது.

மடித்த தகட்டுக்கு வருவோம். 1829-ல் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற பொறியாளர் நெளிவுத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். லண்டன் துறைமுகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் சரக்கை இறக்கிவைக்க விசாலமான, நடுவில் தூணில்லாத கொட்டகைகள் தேவைப்பட்ட இடம் அது. 1837-ல் பிரான்சில் சோரெல் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1844-ல் ஜான் ஸ்பென்சர் உருளைகளை வைத்தே நெளிவு போடும் முறையைக் காப்புரிமையாக்கினார். மடிப்பு வலுவைத் தந்தது, துத்தநாகம் ஆயுளைத் தந்தது, உருளை மலிவைத் தந்தது. மூன்றும் சேர்ந்ததும் தகடு கப்பலேறியது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் இடம் அடைக்காத சரக்கு. ஆஸ்திரேலியாவின் தங்க வயல்கள், ஆப்பிரிக்காவின் மிஷன் பள்ளிகள், நம்மூர் ரயில்வே கொட்டகைகள் என்று எங்கும் அது போய் இறங்கியது. பேரரசின் சரக்கை மூடப் பிறந்த கூரை, தானே பேரரசின் சரக்கானது.

4

பாமர் லண்டனில் காப்புரிமை பெற்ற அடுத்த வருஷம், 1830-ல், ஜோசையா மார்ஷல் ஹீத் தென்னார்க்காட்டுக் கடற்கரையில் பரங்கிப்பேட்டை இரும்பாலையைத் தொடங்கினார். கம்பெனி அதிகாரியாக சேலத்தில் இருந்தவர் ஹீத். கஞ்சமலையின் காந்தத் தாதையும், உள்ளூர்க்காரர்கள் அதிலிருந்து எடுத்த இரும்பையும் எஃகையும் அங்கேதான் பார்த்தார். ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க மதராஸ் மாகாணத்துக்கே தனியுரிமை வாங்கிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டின் ஒரு வட்டம். (1993-ல் விழுப்புரம் பிரிந்தது, 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.) கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வட்டங்களின் இரும்புத்தாதை வெள்ளைக்காரர்களின் மாவட்டப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. உருக்கும் முறை சேலம் பக்கத்து முறையே. ஆளுயரத்துக்கும் குறைவான மண் உலை. பொடித்துக் கழுவிய கருமணல் தாது, மரக்கரி, ஆட்டுத்தோல் துருத்தி. இந்த உலையில் இரும்பு குழம்பாக உருகி ஓடாது. கிட்டம் வழிந்துபோக, கட்டியாக அடியில் தங்கும் இரும்பைக் குறடால் இழுத்துச் சம்மட்டியால் அடித்து அழுக்கை வெளியேற்ற வேண்டும். நாள் முழுக்கத் துருத்தி ஊதினால் சில கொழுக்களுக்கான இரும்பு கிடைக்கும். அளவு குறைவு, ஆனால் உலையும் தாதும் கரியும் கொல்லனும் சந்தையும் ஒருநாள் நடைதூரத்துக்குள் இருந்தன.

ஹீத் இந்த முறையின் தரத்தை மதித்தார், அளவை மதிக்கவில்லை. சேலத்துத் தாது பரிசல்களிலும் படகுகளிலும் ஆற்றுவழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போனது. ஊது உலைகளுக்கு மரக்கரி வேண்டும். சுற்றுவட்டாரத்து மரம் தீரத் தீர, கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது. ஆலை ஓடியது, நின்றது, கைமாறியது. திருவண்ணாமலை, பேப்பூர் என்று கிளைகள் வைத்தார்கள். 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று வேறு பெயரில் முயன்றார்கள். 1870-களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். அதைக் காக்க வழக்காடியே நொடித்துப்போய் 1851-ல் செத்தார். அவர் தோற்றதால் மண் உலைகள் ஜெயித்தன என்று நினைத்துவிடக் கூடாது.

மண் உலைகளை அணைத்தது ஒரே ஒரு அடி அல்ல. 1856-ல் மதராஸில் ரயில் ஓடத் தொடங்கி, சில வருஷங்களில் சேலத்தை எட்டியது. கூடவே உருளையில் ஓட்டிய சீமை இரும்பு உள்நாட்டுச் சந்தைவரை வந்து இறங்கியது. கொல்லனுக்கு அது வசதி. கட்டியை அடித்து அழுக்கெடுக்கும் வேலை மிச்சம், நேராகக் கம்பியைக் காய்ச்சிக் கொழுவாக்கலாம். ஆகவே உலைக்காரனிடம் வாங்குவதை முதலில் நிறுத்தியது சர்க்கார் அல்ல, பக்கத்துப் பட்டறைக் கொல்லன். அடுத்து 1882-ன் மதராஸ் வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடுகளில் கரி சுடுவது அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உரிய விஷயமாயிற்று. அதற்கு முன்னால் கரியின் விலை உழைப்பு மட்டும். அதற்குப் பின்னால் அதில் லைசென்சும் ரேஞ்சரும் சேர்ந்தார்கள். உலை கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உலை மூட்டுவது கட்டுப்படியாகாது என்ற நிலைமையை மட்டும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கியது.

5

சுதந்திரத்துக்குப் பின் இரும்பு மறுபடி அரசியலாகிறது. 1967 ஜூலையில் அண்ணாவின் ஆட்சி சேலம் உருக்காலைக்காக 'எழுச்சி நாள்' நடத்தியது. கஞ்சமலையில் தாது கிடக்கிறது, வடக்கே மட்டும் ஆலைகளா என்பது அன்றைய கேள்வி. 1970-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தபோது அங்கே உலையே இல்லை. வெளியிலிருந்து வந்த துருவேறா எஃகுச் சுருள்களை மெல்லிசாக்கும் குளிர் உருட்டாலை மட்டும்தான் இருந்தது. சூடாக உருட்டும் பிரிவு 1995-லும் உருக்கும் பிரிவு 2010-லும் வந்தன. அப்போதும் உருகியது கஞ்சமலைத் தாது இல்லை. கஞ்சமலைப் பாறையில் இரும்பின் பங்கு குறைவு, சிலிக்கா கலந்தது, சுத்திகரிக்காமல் பெரிய உலைக்கு ஆகாது என்பது தொழில்நுட்பக் காரணம். அது உண்மைதான். ஆனால் அதே பாறையைப் பொடித்து, ஓடும் தண்ணீரில் அலசி, கனமான பொடியை மட்டும் பிரித்தெடுத்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள் என்பதும் உண்மை.

ஆக, பேர்தான் உருக்காலை. முப்பது வருஷத்துக்கு அங்கே நடந்தது உருட்டுவது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உலையிலிருந்து உருளைக்கு நகர்வது என்பது ஒரு வட்டாரம் பொருளாதாரச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நிறுத்தப்படுகிறது என்பது சம்பந்தப்பட்டது. தாதை உருக்கும் முடிவு வேறெங்கோ. நீளத்துக்கு வெட்டும் முடிவு இங்கே. கூரைத்தகட்டு ஓட்டும் கொட்டகை இந்தச் சங்கிலியின் இன்னும் கடைசிக் கண்ணி.

தாதை மறுபடி எடுப்பதுதான் விமோசனம் என்றும் சொல்லிவிட முடியாது. 2000-களில் திருவண்ணாமலையின் கவுத்திமலை, வேடியப்பன்மலையில் இரும்புத்தாது வெட்டத் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார ஜனங்களே எதிர்த்தார்கள். சுரங்கம் அங்கே வரவில்லை. மண் உலைக்குத் தாது பொறுக்குவதும், கம்பெனிக்கு மலையைக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

6

கல்வராயன் மலைக்கு இந்த மடித்த தகடு ஏறியது தாமதமாகத்தான். மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரமடைந்து கால் நூற்றாண்டு தாண்டி, 1976-ல்தான் ஜாகீர்கள் அரசு வசமாயின. சாலை, பள்ளி, பட்டா எல்லாமே அதற்குப் பின் நடந்த கதை, இன்றும் முடியாத கதை. மலையாளிப் பழங்குடிகளின் வீடு மூங்கில் பிளாச்சும் மண்ணும் பூசிய சுவர், மேலே மலைப்புல் கூரை. புல் காட்டிலிருந்து வந்தது. முடைவது ஊர் கூடிச் செய்த வேலை.

இங்கே இரண்டு பெருங்கதையாடல்கள் நம்மை இழுக்கும். ஒன்று முன்னேற்றத்தின் கதை: புல் போய்த் தகரம் வந்தது, நல்லது. இன்னொன்று இழப்பின் கதை. தரம்பால் 1971-ல் பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய அறிவியல் பற்றிய ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, இரும்பு உருக்கும் முறைகள் பற்றி வெள்ளைக்காரர்களே எழுதிய அறிக்கைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய காரியம். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்று பேசுகிறவர்கள், துருத்தி ஊதியவனுக்கு என்ன கூலி கிடைத்தது, ஊரில் அவன் எந்த இடத்தில் குடியிருந்தான் என்று கேட்பதில்லை.

புல்லுக்கூரைக்குள் இருந்தவர்கள் இரண்டு கதையையும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். புல்லுக்கூரை என்றால் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் புல் வேண்டும். புல் அறுக்க ரிசர்வ் காட்டுக்குள் போனால் கேள்வி வரும். ஒரு தீப்பொறி போதும், வீடே போய்விடும். தகரம் போட்டால் இந்தக் கவலையெல்லாம் இல்லை. அதே சமயம் சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே உட்கார முடியாது, மழை அடித்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது, ஆணி அடித்த ஓட்டை வழியாகத் துரு ஆரம்பிக்கும். முக்கியமான விஷயம் வேறு. புல் பழுதானால் தானே மாற்றலாம். தகரம் பழுதானால் காசு வேண்டும். காசுக்குக் கூலி வேலை வேண்டும். கூலிக்கு மலையை விட்டு இறங்க வேண்டும். கூரை மாறியதோடு கூரைக்குக் கீழே இருப்பவரின் வருஷக் கணக்கும் மாறிவிடுகிறது.

7

ரோல் ஃபார்மிங் இயந்திரத்தை அதிகாரத்துக்கு உருவகமாக்குவது சுலபம். பத்துப் பதினைந்து நிலைகள், எதிலும் பெரிய வன்முறை இல்லை, கடைசியில் ஆள் வேறு வடிவத்தில் வெளியே வருகிறான்: ஃபூக்கோ படித்த எவருக்கும் இது உடனே தோன்றும். தனியுரிமை, ரயில், சீமைக் கம்பி, வனச் சட்டம், ஜாகீர், உருட்டாலை, கூரைத்தகடு என்று நாம் மேலே பார்த்த வரிசையும் அப்படித்தான் இருக்கிறது. எந்தப் படியிலும் தாங்க முடியாத அளவு கேட்கப்படவில்லை. அதனால்தான் எந்தப் படியிலும் பெரிய கலகம் பதிவாகவில்லை.

ஆனால் உருவகம் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. இரும்பின் திமிறலைக் கடைசல்காரர் முன்கூட்டியே கணக்கிட்டுவிட முடியும். மனிதர்களின் திமிறலை அப்படிக் கணக்கிட முடிவதில்லை. கவுத்திமலையில் கணக்கு தப்பியது. கஞ்சமலை அடிவாரத்து ஆலையை 2019-ல் தனியாருக்கு விற்க முயன்றபோது, உருட்டும் வேலையை மட்டும் கற்றுக்கொடுத்திருந்த அதே தொழிலாளர்கள் ஆலை எங்களுடையது என்று வாசலில் உட்கார்ந்தார்கள். அங்கும் தப்பியது.

இரும்பின் தொன்மைக்கு அருங்காட்சியகம் கட்டுவோம், கட்டட்டும். அதில் கி.மு. ஆண்டுகளோடு கூட இன்னொரு பலகையும் வேண்டும்: கள்ளக்குறிச்சி வட்டத்தின் உலைகள் எந்தப் பத்தாண்டில், கரியின் விலை என்னவாக இருந்தபோது அணைந்தன என்று. மலைக்காட்டு விளிம்புகளில் கிட்டக் குவியல்கள் எங்கே கிடக்கின்றன என்று கிராமம் கிராமமாகக் கணக்கெடுக்க இன்னும் நேரமிருக்கிறது. கிட்டம் துருப்பிடித்து அழிவதில்லை. ரோடு போடவும் வீட்டுக்கு அடித்தளம் நிரப்பவும் அள்ளிக்கொண்டு போனால் மட்டும்தான் அழியும்.